சிவெர்ட் வீட்டு ஈஸ்ட்

மே மாதம் மூன்றாவது வாரம், ஆடுகள் குட்டி போட்டு ஓய்ந்த பிறகு, ஹால்டிஸ் முதல்முறையாக ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு போன் அடித்தது. பெர்கனிலிருந்து மகள் எல்ட்ரி.

"அம்மா, ஜூன் பதினாலு. பாதிரியார்கிட்ட பேசி முடிச்சாச்சு. பாப்பாவுக்கு நம்ம ஊர் சர்ச்லயே ஞானஸ்நானம்."

"சரி."

"என்ன, சரிங்கிற? சந்தோஷமே இல்லாம?"

"சந்தோஷம்தான்டி. நான் இன்னும் தூக்கத்துலேருந்து கண்ணே திறக்கல."

"நீ எதுக்கும் அலட்டிக்காத. கேக்கு நான் பாத்துக்கிறேன், ஆள் கூப்பிடுறதும் நானே. பீர் மட்டும் நம்ம வீட்டுதா இருக்கணும். எனக்குப் பேர் வச்சப்ப அப்பா காய்ச்சினதத்தான எல்லாரும் குடிச்சாங்க? அப்பா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நீ காய்ச்சிடு."

"உங்கப்பா என்னத்தச் சொல்வார்?"

கேட்டிருக்க வேண்டாம் என்று ஹால்டிஸுக்குத் தோன்றியது. "காய்ச்சுறேன், காய்ச்சுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஓட்வாரிடம் மிஞ்சியிருந்தவை மூன்று சொற்கள்தான். போன நவம்பரில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து முற்றத்தில் விழுந்தார். வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு முழுக்கப் போயிற்று. மூன்று மாதம் கழித்து "இல்ல" திரும்பி வந்தது. அடுத்து "அதான்" வந்தது. அதற்கடுத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "சனியன்" வந்தது. வைகிற சொற்கள் மூளையில் வேறொரு மூலையில் இருப்பதால் அவை பல பேருக்குத் தப்பிவிடும் என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் விளக்கினாள். பசித்தாலும் சனியன், கால் வலித்தாலும் சனியன், டிவியில் பனிச்சறுக்குப் போட்டியில் நம்மவர் ஜெயித்தாலும் சனியன். எந்தச் சனியன் எதற்கு என்று பிரித்தறிவது ஹால்டிஸின் வேலையாயிற்று. ஆட்டு வேலை, வீட்டு வேலை, மருந்து வேலை எல்லாவற்றையும்விட அதுதான் அவளை அதிகம் களைக்க வைத்தது.

ஆனால் மகளிடம் அவள் சொல்லாமல் விட்டது வேறொன்று. வீட்டில் ஈஸ்ட் இல்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஈஸ்ட்டைக் கடையில் வாங்குவதில்லை. ஒரு முறை காய்ச்சிய பீரிலிருந்து பொங்கிய நுரையை வழித்து, காகிதத்தில் பரப்பிக் காயவைத்து, அப்பளம்போல் நொறுங்கும்போது டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்த முறைக்கு அதுதான். கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வோம். அவர்களுடையது கெட்டால் நம்மிடம் வருவார்கள். ஓட்வாருடைய ஈஸ்ட் முப்பத்தைந்து வருஷமாக ஒரு முறைகூடக் கெட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை. கிறிஸ்துமஸ் பீருக்காக நவம்பரில் காய்ச்சியபோது பழைய டப்பாவை அடிவரை தட்டிப் போட்டுவிட்டு, புதிதாக வழித்ததைச் சமையலறை ஓவனில் பரப்பி வைத்தார். ஓவனைச் சூடாக்குவதில்லை. உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் எரியவிட்டால் அந்த வெதுவெதுப்பில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். வைத்துவிட்டு விறகு எடுக்க வெளியே போனவர்தான் விழுந்தார்.

ஹெலிகாப்டர் வந்தது. ஹால்டிஸ் ஒன்பது நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினாள். பத்தாம் நாள் ஆடுகளைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். பசி. உறைந்த பீட்சா ஒன்றை எடுத்தாள். ஓவனை இருநூற்று இருபத்தைந்தில் வைத்துவிட்டு, சூடேறட்டும் என்று சட்டை மாற்றப் போனாள். கருகல் வாடை மாடிவரை வந்தபோதுதான் நினைவு வந்தது. ஓடிவந்து கதவைத் திறந்தால், காகிதத்தின் மேல் கறுப்புச் செதில்கள் புகைந்துகொண்டிருந்தன. பீப்பாயில் ஊற்றியிருந்த பீரும் மூடி சரியாக அமுக்காமல் காற்றுப் புகுந்து காடியாகியிருந்தது. அதன் அடியில் எடுக்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

அன்று அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கறுப்பைக் குப்பையில் கொட்டினாள். வெறும் டப்பாவில் ஓட்ஸை மிக்சியில் ஒரு சுற்று சுற்றிப் போட்டு, மூடி, அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள். ஓட்வார் திரும்பி வந்தால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று மட்டும் அப்போது தோன்றியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஏழு மாதமாயிற்று.

மகள் போன் செய்த அன்று மத்தியானம் இணையத்தில் தேடினாள். எங்கள் பள்ளத்தாக்கின் பெயரையே போட்டு, மலைப்படம் ஒன்றும் வரைந்து, சின்னப் பொட்டலங்களில் அந்த ஈஸ்ட் விற்கிறது. நாலு நாளில் தபாலில் வந்துவிடும். ஆனால் தபால்பெட்டிவரை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்வருவது ஓட்வாருடைய தினப்பயிற்சி. அந்தப் பொட்டலம் அவர் கையில்தான் முதலில் கிடைக்கும். கிடைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன் முதுகுப்பையோடு இரண்டு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். பழைய ஈஸ்ட் வகைகளைத் தேடித் திரிகிறவர்கள். ஓட்வார் அவர்களை உட்காரவைத்தார். காப்பி கொடுத்தார், வாஃபிள் கொடுத்தார், ஒரு குவளை பீரும் கொடுத்தார். ஈஸ்ட் கேட்டபோது மட்டும் தலையை ஆட்டிவிட்டார். அவர்கள் நேரே தொங்குபாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிவெர்ட் வீட்டுக்குப் போனார்கள். சிவெர்ட் ஓட்வாருக்குச் சித்தப்பா மகன். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் ஒரு கரண்டியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பிவிட்டார். இரண்டு வருஷத்தில் அது பொட்டலமாகக் கடைகளுக்கு வந்தது. சிவெர்ட்டுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. ஆனால் சிவெர்ட் வீட்டு ஈஸ்ட் என்பது ஒரு காலத்தில் அவருடையது புளித்துப்போனபோது ஓட்வார் கொடுத்ததுதான். ஓட்வார் கூட்டுறவுக் கடையில், பத்துப் பேர் முன்னால், "திருட்டுப் பய" என்றார். சிவெர்ட் கையிலிருந்த பால் பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

இருந்தாலும் மறுநாள் ஹால்டிஸ் பாலத்தைத் தாண்டினாள். வேறு எந்த வீட்டில் கேட்டு வாங்கினாலும் அது ஓட்வாருடைய ஈஸ்ட் ஆகாது. அவளுக்கு வேறு வழி யோசிக்கத் தெம்பில்லை. ஊராட்சியிலிருந்து வருகிற செவிலி பதினொரு மணி முதல் இரண்டு மணிவரை இருப்பாள். அதற்குள் போய்வர வேண்டும்.

சிவெர்ட் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஏதோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"ஒன்பது வருஷம் கழிச்சு வர்ற. யார் செத்தா?"

"ஈஸ்ட் செத்துப்போச்சு" என்றாள் ஹால்டிஸ்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த கவிழ்த்த வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பீட்சாவைச் சொன்னாள். ஓட்ஸைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை இவரிடம் ஏன் சொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே யோசித்தாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏழு மாசமாவா?"

"பேச்சு வராத மனுஷன்கிட்டப் போய் எப்படிச் சொல்ல?"

"பேசத்தான வராது? காது கேக்கும்ல?"

சிவெர்ட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஃப்ரீசரில் மீன், அவுரிநெல்லி, போன வருஷத்து மான் இறைச்சி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். அதில் பழுப்புச் செதில்கள் ஒரு கரண்டி அளவு இருந்தன. மேலே பேனாவில் தேதி. நாலு வருஷம் முந்தியது.

"தோள்ல கத்தி வச்சதுக்கப்புறம் காய்ச்சவே இல்ல. வாளி தூக்க முடியல. இவ்வளவுதான் இருக்கு."

"இது போதும்."

"போதாது. இதக் கொண்டுபோய் நேரா நூத்தம்பது லிட்டர்ல போட்டீன்னா முழிக்கவே முழிக்காது. முதல்ல சின்னதா ஒரு இருபது லிட்டர் போட்டு வளக்கணும். அதுல பொங்குறத வழிச்சு எடுத்து உன் பெருசுக்குப் போடணும்."

"எங்க வீட்ல எப்படிப் போடுவேன்? வாடையே காட்டிக்குடுத்துரும்."

"இங்க போடு. தண்ணிய நீ தூக்கு, மத்தத நான் பாத்துக்கிறேன்."

மறுநாளே தொடங்கினார்கள். ஹால்டிஸ் ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். சிவெர்ட் வாசனைக்கான ஜூனிப்பர் மரக் கொப்புகளை ஒற்றைக் கையால் வெட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தார். அந்தத் தண்ணீரை, முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டின் மேல் ஊற்றி, ஊறவிட்டு, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ ஒரு பிடி போட்டுக் காய்ச்சினார்கள். சாறு ஆறி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் அந்த ஒரு கரண்டிச் செதிலையும் மேலே தூவினார்கள். சிவெர்ட் பழைய கம்பளிச் சட்டை இரண்டை வாளியைச் சுற்றிக் கட்டினார். வழக்கமாக நாலைந்து மணி நேரத்தில் நுரை கட்டும். ஹால்டிஸ் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போனாள்.

மறுநாள், ஆற்றோரம் வேலி சாய்ந்திருக்கிறது என்று செவிலியிடம் பொய் சொல்லிவிட்டு வந்து பார்த்தாள். சாறு கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது.

"செத்துத்தான் போச்சு" என்றாள்.

"தூங்குது. நாலு வருஷம் ஃப்ரீசர்ல கிடந்திருக்கு. நீயும் கிடந்து பாரு, எந்திரிக்க எவ்வளவு நேரமாகுதுன்னு."

"எனக்கெங்க அதுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்றாள் ஹால்டிஸ். விளையாட்டாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் சிவெர்ட் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் காப்பியும் ரொட்டியும் பழுப்புச் சீஸும் கொண்டுவந்தார். அவள் ரொட்டியைக் கையில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். பத்து நிமிஷம் கழித்து அவர்தான் எழுப்பினார். "மணி ஒண்ணரை. செவிலி கிளம்பிருவா."

மூன்றாம் நாள் அவள் பாலத்தில் வரும்போதே சிவெர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதுவும் சொல்லாமல் கம்பளிச் சட்டையை விலக்கிக் காட்டினார். வாளியின் விளிம்புவரை வெண்பழுப்பு நுரை பொங்கி நின்றது. ஆரஞ்சுத் தோல் வாடை. அவளுக்குப் பழக்கமான வாடை. அவளுடைய வீட்டின் வாடை. ஹால்டிஸ் குனிந்து முகர்ந்துகொண்டே இருந்தாள். சிவெர்ட் மரக்கரண்டியால் நுரையை வழித்து இரண்டு கண்ணாடிச் சாடிகளில் போட்டார்.

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு எனக்கு. உன்னோடத ஈரமாவே ஃப்ரிட்ஜ்ல வை, ரெண்டு வாரம் தாங்கும். அப்புறம்..." சாடியின் மூடியை அழுத்தித் திருகினார். "ஒளிச்சு மட்டும் போடாத, ஹால்டிஸ். அது எனக்குப் பிடிக்கல. அவன் என்னைத் திருடன்னு சொன்னப்பகூட நான் ஒளிஞ்சு எதுவும் குடுக்கல."

வீட்டுக்குள் நுழைந்தபோது செவிலி கிளம்பிப் போயிருந்தாள். ஓட்வார் சமையலறை மேசையில் காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருந்தார். ஹால்டிஸ் அவரைத் தாண்டி ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். அவருடைய இடது கை நீண்டு அவள் சட்டைக் கையைப் பிடித்தது. இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். ஜூனிப்பரும் மால்ட்டும் விறகுப்புகையும்.

"சனியன்?" என்றார். அது கேள்வி.

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஆற்றுக்கு அக்கரையில் ஒரே ஒரு புகைபோக்கியில்தான் புகை. நடந்து போய்வருகிற தூரத்தில் பீர் காய்ச்ச இன்னொரு இடம் அதுதான்.

"இல்ல" என்றார். "இல்ல. இல்ல. இல்ல." ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சத்தமாக. இடது கையால் மேசையை ஓங்கித் தள்ளினார். குவளை உருண்டு விழுந்து, காப்பி தரையெல்லாம் ஓடியது.

ஹால்டிஸ் துணி எடுத்துவந்து மண்டியிட்டாள். இரண்டு முறை துடைத்தாள். மூன்றாவது முறை கை அப்படியே நின்றது.

"ஆமா. சிவெர்ட் வீட்டுக்குத்தான் போனேன். நாலு நாளா போறேன். ஏன்னு கேளு. கேக்க முடியாதுல்ல உன்னால, நானே சொல்றேன். உன் ஈஸ்ட்ட நான் எரிச்சுட்டேன். இதோ இந்த ஓவன்ல. ஒன்பது நாள் உன் பக்கத்துல உக்காந்து கழுத்து ஒடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். ஒரு பீட்சா, ஓட்வார். ஒரே ஒரு பீட்சா. கதவத் திறந்து பாக்கணும்னு தோணல. எல்லாம் கரியாப் போச்சு. அந்த டப்பால இருக்கிறது ஓட்ஸு. ஏழு மாசமா நீ அந்த அலமாரியப் பாக்குறப்பல்லாம் நான் முகத்தத் திருப்பிக்கிறேன். அவன் திருடன்னா நான் யாரு? சொல்லு. திட்டு. அந்த ஒரு வார்த்தைதான் உனக்கு நல்லா வருதே."

அவள் கத்தியதில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

ஓட்வார் அலமாரியைக் காட்டினார். அவள் எழுந்து டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை மார்போடு அணைத்துப் பிடித்து, ஒற்றைக் கையால் மூடியைத் திருகினார். உள்ளே பார்த்தார். விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தார். "சனியன்" என்றார், மெதுவாக. பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. முகத்தில் பாதி அசைவதில்லை என்பதால் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மிச்சக் காப்பியைத் துடைத்துவிட்டு ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வாரம் அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. சாப்பிட்டார், தபால்பெட்டிவரை நடந்தார், தூங்கினார். மூன்று சொற்களும் இல்லை. அவளும் சமாதானம் பேசப் போகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி எப்படியோ போகட்டும் என்று இருந்தாள். அந்த நாட்களின் ராத்திரிகளில் அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதும் உண்மை.

ஜூன் ஆறாம் தேதி, சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு அடுப்புக்கொட்டிலில் தீ மூட்டினாள். நூற்றைம்பது லிட்டர் பிடிக்கிற செப்புப் பானை. விறகும் தண்ணீரும் மால்ட் மூட்டையும் எல்லாம் அவள் ஒருத்தி. பத்து மணிக்குக் கொட்டில் வாசலில் நடைவண்டி உரசுகிற சத்தம் கேட்டது. ஓட்வார் வாசலிலிருந்த கட்டையில் மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தீயைப் பார்த்தார்.

"இல்ல."

"என்ன இல்ல? தீ ஜாஸ்தியா?"

"அதான்."

அவள் இரண்டு கட்டைகளை வெளியே இழுத்தாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி, "இல்ல."

"வாய மூடிட்டு உக்காரு, ஓட்வார். நாலு மணிக்கு எந்திரிச்சவ நான்."

அவர் வாயை மூடிக்கொண்டார். மத்தியானம் சாறு ஆறிக்கொண்டிருந்தபோது வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது. ஓட்வார் தலையை ஆட்டினார். முழங்கையைக் காட்டினார். அவள் ஒரு கிண்ணத்தில் சாற்றை மொண்டு வந்து வைத்தாள். அவர் இடது முழங்கையை நனைத்துப் பார்த்து, "இல்ல" என்றார். காத்திருந்தார்கள். இரண்டாம் கிண்ணத்துக்கு "அதான்" என்றார். வெப்பமானி முப்பத்தேழில் நின்றது.

அவள் சாடியைக் கொண்டுவந்து, திறந்து, அவருடைய மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது சிவெர்ட் வீட்டுது. இப்பவே சொல்லிடு. வேணாம்னா கொட்டிடுறேன். எல்ட்ரிகிட்டக் கடையில வாங்கிட்டு வரச் சொல்லிடுறேன். எனக்கு எதுவா இருந்தாலும் சரி. நெஜமாத்தான் சொல்றேன்."

ஓட்வார் முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு சாடியை அவள் பக்கமே நகர்த்தினார். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். களைத்த மனுஷி வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

எங்கள் பக்கத்தில் ஈஸ்ட் போடும்போது தொட்டிக்குள் பார்த்து ஒரு சத்தம் போடுவார்கள். கெட்டது எதுவும் அண்டாதிருக்கவாம். வீட்டுக்கு வீடு சத்தம் வேறு. ஹால்டிஸ் சாடியைக் கவிழ்த்தாள். அவளுக்குக் கத்துகிற மனநிலை இல்லை. பின்னாலிருந்து, கொட்டில் கூரை அதிர, "சனியன்!" என்று ஒரு சத்தம் வந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. அது வழக்கத்துக்குப் போட்ட சத்தமா, சிவெர்ட்டை வைததா, அவளை வைததா, அவளுக்குத் தெரியாது. ஆறு மணி நேரத்தில் நுரை கட்டிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் பீரைத் தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு மாற்றுகிற நாள். அன்று யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கொட்டிலில் புகை பார்த்தவர்கள் நாள் கணக்குப் போட்டுத் தாங்களே வந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் நாங்கள் பன்னிரண்டு பேர் கொட்டிலுக்குள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மரக்கிண்ணம் கைமாறி வந்தது. பீர் கொஞ்சம் இளசு, ஆனால் ஓட்வார் வீட்டுப் பீர்தான். குடித்தவர்கள் ஓட்வாரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பல பேர் நவம்பருக்குப் பிறகு அவரைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. என்ன பேசுவதென்று தெரியாமல் வானிலையைப் பேசினோம். ஹால்டிஸ் கதவோரம் நின்றபடியே கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வெளி வாசலில் சிவெர்ட் வந்து நின்றார். சுத்தமான சட்டை போட்டிருந்தார். வாசலைத் தாண்டவில்லை. பாலத்திலிருந்து வந்த வழியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோருக்கும் கூட்டுறவுக் கடை ஞாபகம்.

ஓட்வார் திறந்திருந்த கதவு வழியாக அவரைப் பார்த்தார். முகம் சிவந்தது. இடது கை பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்தது.

"சனியன்!" என்றார்.

யாரோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹால்டிஸைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "என்ன சொல்றாரு?"

ஹால்டிஸ் புருஷனைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. இரண்டு நாள் விறகுப்புகையில் கண் சிவந்திருந்தது. அவள் யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

"உள்ள வரச் சொல்றாரு" என்றாள்.

ஓட்வார் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அத்தனை நாளாக நேராகப் பார்க்காதவர் அப்போது அவளைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் "இல்ல" வரும் என்று காத்திருந்தோம். அவரால் அதைச் சொல்ல முடியும். நன்றாகவே சொல்வார். ஹால்டிஸ் கண்ணை விலக்கவில்லை. ஓட்வார்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். தாழ்த்தி, தன் பக்கத்திலிருந்த நடைவண்டியை இடது கையால் கொஞ்சம் தள்ளி வைத்தார். பெஞ்சில் ஒரு ஆள் உட்காருகிற இடம் வந்தது.

சிவெர்ட் வந்து உட்கார்ந்தார். ஹால்டிஸ் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "ரெண்டு டிகிரி கம்மிச் சூட்டுல போட்டிருக்கீங்க. அதான் நல்லா வந்திருக்கு" என்றார்.

"அதான்" என்றார் ஓட்வார்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் அன்று வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல் சத்தம் கூடி, யாரோ மான் வேட்டைக் கதையை ஆரம்பித்தார்கள். ஹால்டிஸ் எப்போது வீட்டுக்குள் போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. பிறகு நான் தட்டெடுக்க உள்ளே போனபோது அவள் சமையலறைப் பெஞ்சில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தாள். குறட்டை விட்டாள். ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு வந்தேன்.

ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. குழந்தை தண்ணீர் பட்டதும் சர்ச் அதிரக் கத்தியது. எல்ட்ரி ஒரு குவளை குடித்துவிட்டு, "அப்படியே அப்பாவோடது" என்று கண் கலங்கினாள். ஹால்டிஸ் அவளிடம் பீட்சாவைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று என்றாள் என்னிடம்.

இப்போது வியாழக்கிழமைதோறும் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை சிவெர்ட் வந்து ஓட்வாரோடு உட்காருகிறார். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஒரு வியாழன் வந்தார், அடுத்த வியாழனும் வந்தார். சீட்டாடுகிறார்கள். ஓட்வார் சனியன் என்கிறார். சிவெர்ட் அதற்கு முழு வாக்கியங்களில் மறுப்புச் சொல்கிறார்: "அப்படி இல்ல ஓட்வார், நீ தப்பா சொல்ற. அந்தப் பாலம் அடிச்சிட்டுப் போனது தொண்ணூத்தி ஆறுல, ஏழுல இல்ல." ஓட்வார் ஏழு என்றுதான் சொன்னாரா என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் சண்டை நன்றாகவே நடக்கிறது. ஜன்னல் வழியாக ரோடுவரை கேட்கிறது.

முதல் வியாழன் ஹால்டிஸ் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிக் காரை எடுத்தாள். கடைவரை போகவில்லை. கார்களையும் ஏற்றிப்போகிற பெரிய படகின் துறையில், வண்டி வரிசையிலேயே நிறுத்தி, இருக்கையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடினாள். எவ்வளவு நேரமோ. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். படகுக்காரப் பையன்.

"படகு கிளம்புது. ஏறணுமா?"

"இல்ல" என்றாள் ஹால்டிஸ். "நான் தூங்க வந்தேன்."

அவன், அவள் காருக்குப் பின்னால் நின்ற வண்டிகளை அதைச் சுற்றிப் போகச்சொல்லிக் கை காட்டினான். படகு போனது. அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.